நஸ்மூனின் ஹாரூன்

நஸ்மூன் பீவி அல்லாவிடம் பேசும்போது மட்டும் திக்கமாட்டாள்.

மனிதர்களிடம் வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே நிற்பவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். ஆனால் தொழுகை முடிந்து கையேந்தி மூஸா நபியின் துஆவைத் தொடங்கிவிட்டால் போதும், தங்குதடை இல்லாமல் வரும். 'என் இறைவா, என் நெஞ்சை எனக்கு விரிவாக்கித் தா. என் காரியத்தை எளிதாக்கித் தா. என் நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடு, என் பேச்சை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.' எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்கும் லைசென்ஸ் எடுக்கவும் போகும்போது முணுமுணுக்கிற துஆதான். நஸ்மூனுக்கு அது மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்பதற்கும் வேண்டியிருந்தது.

கயானாவில், பெர்பீஸ் பக்கம் ஒரு நெல் ஆலைத் தொழிலாளியின் ஏழாவது பிள்ளை அவள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வருகைப் பதிவேட்டின்படி அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகிக் கனடாவுக்கு, இந்த ஸ்கார்பரோவுக்கு வந்தாள். ஒரு மகள் பிறந்தாள், புருஷன் மாரடைப்பில் போனான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தட்டு அடுக்கினாள். தட்டுகளோடு பேச வேண்டியதில்லை.

அங்கே போகும் பஸ்ஸில்தான் ஸலீனா பக்ஷ் அவளுக்குக் கிடைத்தாள். ஸலீனா எங்கள் ஊர்க்காரிதான், ஜார்ஜ்டவுன் பக்கம். ஐந்தடி உயரம், ஐம்பதடிக்குக் கேட்கும் சிரிப்பு. பஸ் டிரைவரிடம் நஸ்மூன் இறங்கும் இடத்தைச் சொல்லத் திணறியபோது பின்னாலிருந்து, "இவங்க மார்க்கம் ரோட்டுல இறங்கணும்யா, வண்டிய நிறுத்து, உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று கத்தினாளாம். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

பேங்கில், டாக்டரிடம், மகளின் பள்ளிக்கூடத்தில், வாடகை ஏற்ற வந்த வீட்டுக்காரனிடம், எங்கேயும் ஸலீனாவின் வாய்தான் நஸ்மூனின் வாய். நஸ்மூன் முதல் எழுத்தில் நிற்பாள், ஸலீனா வாக்கியத்தை முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கிண்டலுக்கும் குறைவில்லை. "அல்லாகிட்ட பேசும்போது இவளுக்கு லைன் க்ளியர். நம்மகிட்ட வரும்போதுதான் கரகரங்குது" என்பாள். நஸ்மூன் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிப்புக்கும் திக்கல் கிடையாது.

மூஸா நபி அந்தத் துஆவை நாவின் முடிச்சோடு நிறுத்தவில்லை. என் குடும்பத்திலிருந்தே எனக்கு ஒரு துணையைக் கொடு, என் சகோதரன் ஹாரூனைக் கொடு, அவனைக் கொண்டு என்னைப் பலப்படுத்து என்று கேட்டார். நஸ்மூன் அதுவரை ஓதித்தான் கையை முகத்தில் தடவிக்கொள்வாள். ஒரு தடவை நோன்பு திறக்கும் பந்தியில் ஸலீனாவின் தோளைத் தொட்டு எங்களிடம், "இ-இவதான் என் ஹாரூன்" என்றாள். ஸலீனா, "தாடிதான் இல்ல" என்றாள். பந்தியே சிரித்தது.

மய்யித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டும் வேலைக்கு நஸ்மூன் வந்ததும் திக்குவாயால்தான். ஒரு குளிர்காலத்தில், தீ விபத்தில் இறந்த ஒரு பெண்ணைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் அறிவித்தபோது நாங்கள் எல்லோரும் எங்கள் கைப்பைக்குள் எதையோ தேடினோம். நஸ்மூன் கையைத் தூக்கினாள். "பே-பேச வேண்டாத வேலை" என்று பிறகு காரணம் சொன்னாள். "நான் தண்ணி ஊத்துறேன்" என்று ஸலீனா கூடவே எழுந்தாள். பதினெட்டு வருஷம் இருவரும் அதைச் செய்தார்கள். நஸ்மூன் கழுவுவாள், ஸலீனா ஊற்றுவாள். கையுறை மாட்டுவதற்கு முன் நஸ்மூன் இன்னொரு துஆ ஓதுவாள். 'இறைவா, என் உள்ளத்துக்கு உன் அச்சத்தைக் கொடு. அதைத் தூய்மையாக்கு. தூய்மையாக்குவோரில் நீயே மேலானவன்.' தன் உள்ளம் அழுக்காக இருந்தால் கழுவும் உடம்பில் அது ஒட்டும் என்று அவளுக்கு ஒரு பயம்.

அந்த அறைக்குள் கண்டது வெளியே வரக்கூடாது. அறுவைத் தழும்பு, படுக்கைப் புண், எதுவானாலும் அது அமானிதம், நம்பி ஒப்படைத்தது. செத்தவரால் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது, கழுவுகிறவர்தான் மறைக்க வேண்டும். எங்களில் எத்தனையோ பேர் எங்கள் தாய்மாரை நஸ்மூனிடம் நிம்மதியாக ஒப்படைத்ததற்கு அதுதான் காரணம். அவளுக்கு இந்த உலகத்தில் சொத்து என்று இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

இனி பதூலன் அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

பதூலன் அம்மா எங்கள் பள்ளிவாசல் தலைவர் ஷிராஸின் தாயார். எழுபத்தொன்பது வயது, விதவை. இடது முழங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை கட்டியிருப்பார். சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொல்லுவார். பெற்ற பிள்ளைகளே அந்தக் கையைத் திறந்து பார்த்ததில்லை. ஷிராஸ் யாரைப் பார்த்தாலும், "எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா இமாமுங்க" என்று தொடங்குவான். நல்லவன்தான், அந்த ஏழு தலைமுறையை மட்டும் கீழே இறக்கி வைக்கத் தெரியாது.

அந்த அம்மா இறந்தபோது உள்ளே நிற்க வேண்டிய மகள் அழுது மயங்கி வெளியே உட்கார்ந்துவிட்டாள். நஸ்மூனும் ஸலீனாவும் மட்டும் உள்ளே. தண்ணீர் தோலில் படாமல் குளிப்பு நிறைவேறாது, அதனால் பட்டையை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவிழ்த்தால் தீத்தழும்பு இல்லை. பச்சை குத்தியிருந்தது, அந்தக் காலத்துக் கரும்புத் தோட்டங்களில் இந்துப் பெண்களுக்குக் கல்யாணத்தன்று குத்துவார்களே, அது. கீழே ஒரு ஆணின் பெயர். ஷிராஸின் தகப்பன் பெயர் இல்லை.

நஸ்மூன் அந்த இடத்தை மற்ற இடங்களைப் போலவே மூன்று முறை கழுவினாளாம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து ஊற்றச் சொன்னாளாம். கஃபன் துணியைச் சுற்றும்போது அந்தக் கையை முதலில் மூடினாளாம்.

அறைக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஸலீனா சொன்னாள். நான் கேட்டேன். அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டுச் சமையலறையில் நானும் அவளும் தால்பூரி உருட்டிக்கொண்டிருந்தோம். அவளுடைய இளைய மகளை ஷிராஸின் தங்கை மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, 'உங்க பக்கம் அவ்வளவா மார்க்கப் படிப்பு இல்லையே' என்று சொல்லியிருக்கிறார்கள். ஸலீனா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய்ய வம்சம்! வஹீதா, நான் கண்டதைச் சொன்னா நீ உருட்டுறதை நிறுத்திடுவே."

"சொல்லாதேடி, அமானிதம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "என்னடி கண்டே?" என்றேன்.

சொன்னாள். உருட்டுவதை நிறுத்தினேன். சாயங்காலம் என் நாத்தனாரிடம், 'உன்னோடு இருக்கட்டும்' என்று சொல்லி நானும் சொன்னேன். அவளோடு இருந்ததா என்று கேட்க வேண்டாம். சனிக்கிழமைக்குள் ஸ்கார்பரோவில் கயானாக்காரர் வீடு ஒன்று பாக்கியில்லை. ஒருவன் ஷிராஸிடமே போய், "ஏழு தலைமுறையில அந்த முதல் புருஷன் எந்தத் தலைமுறை?" என்று கேட்டுவிட்டான்.

ஒரு பெண் தன் இருபதாவது வயதில் கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வந்தாள் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அவர் மறைத்துக்கொள்ள விரும்பினார், அவ்வளவுதான். அறுபது வருஷம் கட்டிக்காத்ததை நாங்கள் ஒரு வாரத்தில் தெருவில் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் கீழ்த்தளத்து வகுப்பறையில் கூடினோம். இமாம், ஷிராஸ், பெண்கள் குழுவில் நாங்கள் நால்வர், நஸ்மூன், ஸலீனா. பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஷிராஸின் கண் சிவந்திருந்தது.

"உள்ள இருந்தது ரெண்டே பேரு. யாரு சொன்னீங்க? எனக்கு அது மட்டும் தெரியணும். என் உம்மாவை உங்க கையில குடுத்தேனே ஆன்ட்டி, யாரு?"

இமாம் நஸ்மூனின் பக்கம் திரும்பினார். அவள்தான் பொறுப்பாளி. "சிஸ்டர் நஸ்மூன், நீங்க சொன்னீங்களா?"

நஸ்மூன் வாயைத் திறந்தாள். "இ-இ-இ-" அதற்கு மேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. 'இல்லை' என்ற சொல்லுக்கு முதல் எழுத்து அதுதான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் வந்திருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்து எங்களுக்குப் பழக்கமே இல்லை. வழக்கம்போல ஸலீனாவைப் பார்த்தோம்.

ஸலீனா நஸ்மூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "அவ வேணும்னு செய்யல ஷிராஸ். மனசு தாங்காம ஒருத்தர்கிட்ட வாய்விட்டுட்டா. என்கிட்ட சொல்லி அழுதா. மன்னிச்சிடுன்னு சொல்ல வர்றா, வாய் வரல. பாவம்."

நஸ்மூன் கையை உருவிக்கொண்டாள். "இ-இ-" என்று மறுபடி தொடங்கினாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அதையும் வெட்கத்தில் ஆட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"போதும் சிஸ்டர், கஷ்டப்படுத்திக்காதீங்க" என்றார் இமாம் மிகவும் அன்பாக. 

அவ்வளவுதான். இருபது வருஷமாக அவளுக்காகப் பேசிய வாய் அவளுக்காகக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. குற்றவாளியே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது எல்லோருடைய காதிலும் விழுந்தது.

குளிப்பாட்டும் பெண்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கும். அடுத்த வெள்ளி அதில் நஸ்மூனின் பெயர் இல்லை. ஸலீனாவின் பெயர் முதலில் இருந்தது. தொழுகை வரிசையில் நஸ்மூன் பக்கத்தில் நிற்கப் பெண்கள் தயங்கினார்கள். "வாயே வராதவளுக்கு இவ்வளவு வாயா!" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது, நஸ்மூனுக்கும் கேட்டிருக்கும். கால்கரியிலிருந்து மகள் போன் செய்து, "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று அழுதாளாம். பெற்ற மகளே நம்பிவிட்டாள்.

நஸ்மூன் ஒரு முறை ஸலீனாவின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இதை எனக்குப் பின்னால் நஸ்மூனே சொன்னாள். கதவைத் திறந்த ஸலீனா காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். "கல்யாணம் நின்னுடும்டி. உனக்கு இன்னொரு கல்யாணமா ஆகப்போகுது? கொஞ்சம் பொறுத்துக்கோ. பொண்ணு கல்யாணம் முடியட்டும், நானே இமாம்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். சத்தியம்."

நஸ்மூன் பொறுத்துக்கொண்டாள். கல்யாணம் ஜூனில் நடந்தது, நானூறு பேர் சாப்பிட்டோம். நஸ்மூனுக்குப் பத்திரிகை போகவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் கஷ்டப்படுமாம். ஜூலை போனது, ரமலான் போனது, ஸலீனா இமாமிடம் போகவில்லை.

அந்த ரமலானில் ஒரு நாள் வரிசையில் இடமில்லாமல் நான் நஸ்மூனின் பக்கத்தில் நின்றேன். தொழுகை முடிந்து அவள் கையேந்தினாள். வழக்கமான துஆதான், மெல்லிய குரலில், தங்காமல். நெஞ்சை விரிவாக்கு, காரியத்தை எளிதாக்கு, நாவின் முடிச்சை அவிழ். அதோடு கையை முகத்தில் தடவி எழுந்துவிட்டாள். ஹாரூனைக் கேட்கவில்லை.  வீட்டுக்கு வந்து நோன்புக் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு குடித்தேன்.

அடுத்த பிப்ரவரியில் ஸலீனாவின் தாயார் இறந்தார். ஸலீனா வீட்டு ஹாலில் நாங்கள் எட்டுப் பத்துப் பெண்கள் சோபாவிலும் தரையிலுமாக உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். குளிப்பாட்ட இரண்டு பேர் தயாராக இருந்தார்கள், நஸ்மூனுக்குப் பிறகு சேர்ந்தவர்கள். ஸலீனா அவர்களை உள்ளே விடவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். முக்கால் மணி நேரத்தில் பனிக்கோட்டோடு நஸ்மூன் வாசலில் நின்றாள்.

யாசீன் பாதியில் நின்றது. ஸலீனா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். தாய் போன துக்கத்தில் குரலைத் தாழ்த்த மறந்துவிட்டாள்.

"நீதான்டி குளிப்பாட்டணும். உன்னைத் தவிர யார் கையிலயும் உம்மாவைக் குடுக்க மாட்டேன். யாரும் பார்க்கக் கூடாதுடி. நீ மட்டும் போ."

நஸ்மூன் அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். எங்களில் யாரும் அசையவில்லை, யாரும் முடித்துவைக்கவில்லை. அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அன்றுதான் கிடைத்தது.

"எ-எ-என்னையா கூப்பிடறே? நா-நான்தான் ஊ-ஊரு பூரா சொல்றவளாச்சே?"

ஸலீனா எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று ஆரம்பித்தாள். பழக்கம்!

நஸ்மூன் குளிருக்குப் போட்டுவந்த கையுறையைக் கழற்றாமலே அவள் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை, தள்ளவில்லை. பொத்தி, ஒரு கணம் வைத்திருந்து, எடுத்தாள். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தத் தாயின் மேல் அவளுக்கு என்ன கோபம்? இரண்டு பேர் செய்யும் வேலையைத் தனியாகவே செய்தாள். ஒன்றரை மணி நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அங்கே மறைக்க என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஹாலில் இருந்த ஒவ்வொருத்திக்கும் அன்று உண்மை விளங்கிவிட்டது. ரகசியத்தைக் கொட்டினவளிடம் எவளாவது தன் தாயை ஒப்படைப்பாளா? அத்தனை பேரும் விளங்கிக்கொண்டு யாசீனில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். மரண வீடு, இப்போது பேசக்கூடாது என்று ஒருவருக்கொருவர் கண்ணாலேயே சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் மரண வீடு முடிந்தது, யாரும் பேசவில்லை. ஸலீனாவை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மற்றவர்களை நினைத்தாலும்தான்.

மூன்றாம் நாள் நான் நஸ்மூனின் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே கொட்டிவிட்டேன்.

"அக்கா, ஸலீனா அதை முதல்ல சொன்னது என்கிட்டதான். நான்தான் வெளியே விட்டேன். அந்தக் கூட்டத்துல எனக்கு எல்லாம் தெரியும். பேசாம உட்கார்ந்துட்டேன்."

அவள் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தாள். "தெ-தெரியும்."

"ஸலீனா சொன்னாளா?"

"இ-இல்ல. எ-எல்லாரும் அவ வாயைப் பா-பார்த்தாங்க. நீ மட்டும் த-தரையைப் பார்த்தே."

எனக்கு அழுகை வந்தது. "மன்னிச்சிடு அக்கா" என்றேன்.

"எ-என்கிட்ட ஏன் கேக்கறே? ஷி-ஷிராஸ்கிட்டப் போய்ச் சொல்லு. நா-நான் சொன்னா அவ பேரைச் சொல்லணும். செ-செய்ய மாட்டேன். நீ உ-உன் பேரைச் சொல்லலாம்ல?"

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. நாளைக்கே சொல்கிறேன் அக்கா என்று அவள் தலையில் கை வைக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பனிப்புயல். அதற்கு மறுநாள் ஷிராஸுக்கு ஏதோ கூட்டம். பிறகு என் மகனுக்கு அவன் தன் கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்தான்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வெள்ளிதோறும் நான்தான் நஸ்மூனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகிறேன். பெருநாளைக்கு அவளுக்குச் சேமியாவும் அன்னாசி டார்ட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. அறிவிப்புப் பலகையைத் தாண்டும்போது அவள் நடை கொஞ்சம் மெதுவாகிறது, பிறகு சரியாகிறது.

போன வெள்ளி தொழுகை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஷிராஸ் எதிரே வந்தான். நஸ்மூன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு அவன் சலாம் சொல்லவில்லை, அவள் அங்கே நிற்பதே தெரியாததுபோல என்னை மட்டும் பார்த்து, "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" என்றான்.

நஸ்மூன் என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கேன் தம்பி" என்றேன்.